படகு வாங்கலாமா? வளவில் போட்ட ஐந்தொகை

என் வீட்டுக்காரர் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரம், முகப்பில் ஊஞ்சல் சங்கிலியில் நைலான் கயிற்றைக் கட்டி முடிச்சுப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தார். மாடு எதுவும் வாங்கப் போகிறீர்களா என்று கேட்டேன். "மாடு இல்லை, படகு" என்றார். கைக்கு வந்த பணத்தில் 40 லட்சத்தை ஒதுக்கி ஒரு பழைய பாய்மரப் படகு வாங்குவது, அதிலேயே குடியிருப்பது, அந்தமான் கடலில் தீவு தீவாகப் போய்ப் பவளப்பாறை பார்ப்பது. இதுதான் திட்டம். எங்கள் ஊர் கோட்டையூர். கடலைப் பார்க்கவேண்டுமென்றால் தொண்டிக்கோ மண்டபத்துக்கோ வண்டி கட்டிப் போகவேண்டும்.

சிரித்துக் கடந்திருக்கலாம். ஆனால் பவளப்பாறை ஆசை எனக்கும் உண்டு. அதனால் இரண்டு வருஷம் விசாரித்தோம். மலேசியாவின் லங்காவித் தீவில் ஒரு வாரம் வாடகைப் படகில் இருந்தோம், அந்தமானில் மூன்று வாரம் அறை எடுத்துத் தங்கினோம். முடிவில் எங்கள் முன்னால் நான்கு வழிகள் நின்றன: சொந்தப் படகு, வாடகைப் படகு, அடுத்தவர் படகில் ஆளாகப் போவது, தீவில் அறை எடுத்துக்கொண்டு பகலில் மட்டும் கடலுக்குப் போவது. நான்கையும் ஐந்தொகை, அதாவது மொத்தக் கணக்கு, போட்டுப் பார்த்தேன். கணக்கு எழுதுவது எங்கள் வீட்டில் ஆண்கள் வேலை என்று சொல்வார்கள். சரிபார்ப்பது எப்போதும் பெண்கள்தான்.

முதலில் பலரும் பயமுறுத்திய ஒரு விஷயத்தைத் தள்ளிவிடுகிறேன். "அவ்வளவு பெரிய வளவு வீட்டில் இருந்துவிட்டு 38 அடிப் படகில் எப்படி இருப்பீர்கள்?" என்று கேட்காதவர் இல்லை. வீடு பெரிது என்பது வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு. கல்யாணம் ஆகி வந்தபோது எங்களை வேறு வைத்தார்கள், அதாவது அதே வீட்டில் தனிக் குடித்தனம். வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றி இருக்கும் அறைகளில் ஒன்று எங்களுக்கு. சீர்ச் சாமான், துணிமணி, பிள்ளைகள், சாவிக்கொத்து எல்லாம் அந்த ஓர் அறைக்குள்தான். படகின் உள்ளே முதன்முதலில் இறங்கியபோது, பலகைக்கு அடியில் பெட்டி, பெட்டிக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி என்று அடுக்கியிருந்ததைப் பார்த்து எனக்கு மூச்சு முட்டவில்லை. இவருக்குத்தான் தலை நாலு தடவை இடித்தது.

தண்ணீரும் அப்படித்தான். அந்த அளவுப் படகில் 300 முதல் 400 லிட்டர் கொள்ளும் தொட்டி இருக்கும். ஆளுக்கு நாளைக்கு 15 லிட்டர் என்று கட்டுப்பாடாக இருந்தால் இரண்டு பேருக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் வரும். கூரைத் தண்ணீரை அண்டாவில் பிடித்து வளர்ந்தவர்களுக்கு இது பெரிய பாடம் இல்லை. சாப்பாட்டுக்கும் நம் பக்கத்துப் பழக்கம் கைகொடுத்தது. வத்தல், ஊறுகாய், பருப்புப் பொடி, சீப்புச் சீடை, மாவுருண்டை எல்லாம் ஃபிரிட்ஜ் கேட்காத பண்டங்கள். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்கப் போனவர்களுக்கு டின் டின்னாகக் கட்டிக் கொடுத்தனுப்பியவர்களின் பேத்தி நான். ஆக, இடமும் தண்ணீரும் சாப்பாடும் தடை இல்லை. தடை வேறு இடத்தில் இருக்கிறது.

அந்தத் தடையை லங்காவியில் கண்டுகொண்டேன். படகு வாங்க நினைப்பவர்கள் பலர் அங்கே போவதற்குக் காரணம் உண்டு. வரியில்லாத் தீவு, ரெபாக், தெலாகா போன்ற படகு நிறுத்தும் மரினாக்கள் இருக்கின்றன, படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கலாம், கிளம்பவும் திரும்பவும் குடிநுழைவு, சுங்கம், துறைமுக முத்திரைகளை வாங்குவது சுலபம். நம்மிடம் மரினா என்ற பெயரில் ஒரு கடற்கரைதான் இருக்கிறது. நாட்டுக்குள்ளேயே படகு கட்டி நிறுத்த மரினா தேடினால் கொச்சி போல்காட்டிக்குப் போகவேண்டும். சரி, லங்காவி என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அங்கே கடல் பச்சைக் குழம்பு. சதுப்புநிலக் காடுகளிலிருந்தும் ஆற்று வாய்களிலிருந்தும் வண்டல் வந்துகொண்டே இருக்கிறது. மண் கலங்கிய தண்ணீரில் பவளம் வளராது. அதற்கு வெயில் அடிவரை இறங்கவேண்டும். ஆகவே பவளம் பார்க்கத் தெற்கே பாயார் தீவுக்கோ, எல்லை தாண்டித் தாய்லாந்தின் லிப்பே பக்கமோ போகவேண்டும்.

எங்களோடு வந்த படகோட்டி மலேசியாவின் கெடா மாநிலத்துக்காரர், நம் தமிழர். மூன்றாம் நாள் அவர் சொன்ன ஒரு வார்த்தையில் எல்லாம் விளங்கியது. "மண்ணுலதான்க்கா நங்கூரம் நிக்கும். பாறையில போட்டா பாறையும் போச்சு, நங்கூரமும் போச்சு." அதாவது படகு நிம்மதியாக நிற்கும் இடத்தில் பவளம் இல்லை. பவளம் இருக்கும் இடத்தில் நங்கூரம் போடக்கூடாது. கடல் பூங்காக்களில் மிதவை கட்டி வைத்திருக்கிறார்கள்; காலியாக இருந்தால் அதில் கட்டலாம், இல்லாவிட்டால் திரும்ப வேண்டியதுதான். பாறைகளுக்கு நடுவே நுழைவதும் நினைத்த நேரத்தில் ஆகாது. சூரியன் நன்றாக மேலே ஏறி, முதுகுக்குப் பின்னால் இருக்கும்போதுதான் தண்ணீரின் நிறம் தெரியும். வெளிர் நீலம் மணல், பழுப்பு பாறை, கருநீலம் ஆழம். காலை பத்திலிருந்து பிற்பகல் இரண்டு மூன்று மணி வரைதான் அந்த வெளிச்சம். படகிலேயே குடியிருந்தால் பொழுது விடிந்ததும் ஜன்னலுக்கு வெளியே மீன் தெரியும் என்று நினைத்திருந்தேன். எங்கள் ஜன்னலுக்கு வெளியே தெரிந்தது சதுப்புநிலக் காடும் சேறும்.

அந்த வாரத்தில் ஒரு ராத்திரியைச் சொல்லாமல் விட முடியாது. ஐந்தாம் நாள் படகோட்டிக்கு வீட்டில் ஏதோ விசேஷம். லங்காவியின் குவா ஊரில் இறங்கிக்கொண்டு காலையில் வருவதாகச் சொன்னார். அன்றைக்கு நங்கூரம் விட்டது என் வீட்டுக்காரர். ஐந்து நாள் பயிற்சி வகுப்பு முடித்த சான்றிதழ் கையில் சூடாக இருந்தது. ஆழம் 5 மீட்டர், அதற்கு 20 மீட்டர் சங்கிலி. நாலு மடங்கு இருக்கிறது, போதும் என்றார். இரவு இரண்டரை மணிக்கு நான் விழித்தது சத்தத்துக்கு. அம்மியில் கல்லை இழுத்தது போல படகின் முன்முனையான அணியத்திலிருந்து ஒரு கரகரப்பு, கொஞ்சம் நிற்கும், மறுபடி வரும். வெளியே வந்து பார்த்தால் மாலையில் எங்களுக்கு இடது பக்கம் நின்ற வெள்ளைப் படகின் விளக்கு இப்போது முன்னால் இருந்தது. நாங்கள்தான் நகர்ந்திருந்தோம். அவர் கணக்குப் போட்டது வற்றின நேரத்தில். அங்கே கடல் மட்டத்தின் ஏற்ற இறக்கம் பெரிய ஓதத்தில் 3 மீட்டர் வரும். தண்ணீர் ஏறியதும் 5 மீட்டர் 8 மீட்டரானது. நாலு மடங்கு இரண்டரை மடங்காகச் சுருங்கியது. மலை இறங்கி வந்த வாடை இழுத்துக்கொண்டு போனது. பாம்பன் பக்கம் ஓதம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அந்தக் கடலை மட்டுமே பார்த்தவர்களுக்கு இது தோன்றாது. இன்னும் 20 மீட்டர் சங்கிலி விட்டதும் பிடித்தது. விடியும் வரை இருவரும் தூங்கவில்லை.

இதற்குப் பிறகும் அவருக்கு ஆசை குறையவில்லை. எனக்குக் கணக்குத்தான் பெரிதாகத் தெரிந்தது. படகு விலையில் பத்தில் ஒரு பங்கு வருஷா வருஷம் பராமரிப்புக்குப் போகும் என்பது படகுக்காரர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. பழைய படகென்றால் அதற்கு மேலும் போகும். அடியில் சிப்பியும் பாசியும் ஒட்டாமல் இருக்க ஒன்றிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கரையேற்றி விஷப்பூச்சு அடிக்கவேண்டும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிக் கயிறுகளைப் பத்து வருஷம் ஆனால் மாற்றச் சொல்வார்கள். இல்லாவிட்டால் காப்பீடு கிடைப்பது கஷ்டம். தண்ணீருக்குள் இருக்கும் உலோகங்கள் ஒன்றையொன்று அரித்துவிடாமல் இருக்கத் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துவார்கள். அது கரைந்து மற்றதைக் காப்பாற்றும், தீர்ந்ததும் புதிது வைக்கவேண்டும். காரைக்குடியில் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருப்பதால் எங்கள் ஊரில் அரிமானம் பற்றிப் பேச ஆள் கிடைப்பது சுலபம். அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம் கேட்டேன். "ஆச்சி, கடல்காற்றில் எஃகுகூட எஃகு இல்லை. ஸ்டெயின்லெஸ் என்று பேர்தான்" என்றார். என் வீட்டுக்காரர் முகம் சுருங்கியது.

இப்போது எண்களை வைத்துப் பார்க்கிறேன். 40 லட்சம் படகில் முடங்கினால், 7 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டாலும் வருஷத்துக்கு 2 லட்சத்து 80 ஆயிரம் போச்சு. பராமரிப்பு 4 லட்சம். ஆக மொத்தம் 6 லட்சத்து 80 ஆயிரம், அரிசி வாங்குவதற்கு முன்னால். மரினா வாடகை, காப்பீடு, டீசல் எல்லாம் தனி. டீசலா என்று கேட்காதீர்கள். அந்தமான் கடலில் நல்ல பருவம் என்பதே காற்று மெல்ல வீசும் பருவம்தான். எங்கள் ஏழு நாளில் பாதி நேரம் என்ஜினில்தான் போனோம்.

இரட்டை உடல் படகு வாங்கலாமே என்று பினாங்கில் இருக்கும் என் அண்ணன் கேட்டார். சாயாது, ஆழம் குறைந்த இடத்திலும் போகும், பாறைப் பக்கத்துக்கு அதுதான் தோது. உண்மைதான். ஆனால் நம் கட்டுமரம் என்ற சொல் வெள்ளைக்காரன் வாயில் கேட்டமரானாகி, ஊர் சுற்றித் திரும்பி வரும்போது விலை எங்கள் 40 லட்சத்துக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. நிறுத்த வாடகையும் அதற்குக் கூடுதல். அத்தோடு விட்டோம்.

பணத்தைவிட எனக்குக் கனமாகத் தெரிந்தது மாதக் கணக்கு. அந்தமான் கடலில் தெளிந்த தண்ணீரும் அமைதியான அலையும் ஏறக்குறைய டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை. மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் தாய்லாந்தின் சிமிலான், சுரின் தீவுகளை அக்டோபர் நடுப்பகுதி வரை மூடியே வைக்கிறார்கள். நமக்கு அந்த ஐந்து மாதத்தில்தான் பிள்ளையார் நோன்பு, தைக் கல்யாணங்கள், பழனிக்குப் பாதயாத்திரை எல்லாம் வரும். புள்ளியாக, அதாவது ஊர்க் கணக்கில் தனிக் குடும்பமாக, இருப்பவர்கள் நல்லது கெட்டதுக்கு முகம் காட்டவேண்டும். நடுக்கடலில் இருந்துகொண்டு மொய் அனுப்பினால் அது மொய் மட்டும்தான். படகை ஊருக்கு வரும்போதெல்லாம் மரினாவில் பூட்டிவிட்டு வரலாம். அப்படியென்றால் நல்ல பருவத்தில் பாதி நாள் படகு சும்மா நிற்கும், மழைப் பருவம் முழுக்க நாம் படகுக்குக் காவல். வருஷம் முழுக்கப் பவளம் வேண்டுமென்றால் மே மாதம் மலாக்கா நீரிணை வழியாகத் தெற்கே இறங்கி, சிங்கப்பூரைச் சுற்றி, மலேசியாவின் கிழக்குக் கரையில் இருக்கும் தியோமான், பெர்ஹெந்தியான் தீவுகள் பக்கம் ஏறவேண்டும். அங்கே பருவம் தலைகீழ். வாரக்கணக்கான ஓட்டம், அதுவும் கப்பல்கள் நெரியும் பாதையில். சொந்தப் படகுக்காரர்கள் பலர் அப்படிச் செய்கிறார்கள். அவர்களுக்குத் தை மாதத்தில் பெண்ணழைப்பு இல்லை.

அடுத்தவர் படகில் போவது பற்றி அதிகம் சொல்ல இல்லை. நீண்ட ஓட்டத்துக்குக் கிளம்பும் படகுக்காரர்கள் கூடமாட ஆள் தேடுவார்கள். சாப்பாட்டுச் செலவைப் பங்கிட்டுக்கொண்டு, இரவில் மூன்று மூன்று மணி நேரம் மாறி மாறிக் காவல் பார்க்கவேண்டும். எங்கள் வயதுத் தம்பதியை யாரும் விரும்பிக் கூப்பிடுவதில்லை, தனி ஆளைக் கூப்பிடுவார்கள். இவர் ஒரு மாதம் போய் வந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அறிமுகமில்லாத ஒருவரோடு கடலுக்குப் போகுமுன் இரண்டு நாளாவது கரையோரமாக ஓடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யவேண்டும். விசா விஷயமும் இருக்கிறது. நம் பாஸ்போர்ட்டுக்கு விமான நிலையத்தில் கிடைக்கும் சலுகை, படகில் வந்து இறங்கினாலும் கிடைக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. நாட்டுக்கு நாடு முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் இவர் கடற்படையின் தில்னா, ரூபா இருவரையும் இழுத்தார். 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து 'தாரிணி' என்ற 56 அடிப் பாய்மரப் படகில் கிளம்பி, 2025 மே மாதம் உலகைச் சுற்றித் திரும்பிய இரண்டு பெண்கள். "ரெண்டே பேர்! நம்மால் முடியாதா?" என்றார். அவர்கள் தொட்ட ஊர்களை வாசிக்கச் சொன்னேன். ஃப்ரீமாண்டில், லிட்டில்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன். ஒன்றுகூட பவளக்கடல் இல்லை. அவர்கள் போனது கடலுக்காக. நமக்கு வேண்டியது கடலா, பவளமா? இந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்ல இரண்டு நாள் எடுத்துக்கொண்டார்.

பவளம்தான் வேண்டுமென்றால் நான்காவது வழியைப் பாருங்கள். அந்தமானுக்கு நமக்கு விசா வேண்டாம். சென்னையிலிருந்து விமானம், அப்புறம் அரசுக் கப்பலோ தனியார் கப்பலோ ஏறினால் ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு. பழைய பெயர் ஹேவ்லாக், நீல். 2018 கடைசியில் மாற்றினார்கள், கப்பல் டிக்கெட் கவுண்டரில் இன்னும் பழைய பெயர்தான் ஓடுகிறது. ஷஹீத் தீவில் காய்கறித் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு அறை எடுத்தோம். காலையில் பரத்பூர் கடற்கரைக்கு நடை. முட்டளவு தண்ணீரில் இறங்கி, கண்ணாடியை மாட்டி முகத்தைக் கவிழ்த்தவுடன் முதலில் கேட்டது சத்தம். கடுகு வெடிப்பது போல, எல்லாப் பக்கமிருந்தும். சொடுக்கு இறால்கள் போடும் சத்தம் என்று வழிகாட்டிப் பையன் சொன்னான். கொஞ்சம் தள்ளி ஒரு கிளிமீன், நீலமும் ரோஸும் கலந்த ஆத்தங்குடிக் கல் மாதிரி, பாறையைக் கடித்துக்கொண்டிருந்தது. கடிப்பதும் காதில் விழுந்தது, கற்கண்டு கடிப்பது போல. பின்னால் புகை மாதிரி மணலை விட்டுக்கொண்டே நகர்ந்தது. அந்த வெள்ளைக் கடற்கரை மணலில் ஒரு பங்கு அதன் வயிற்றிலிருந்து வந்ததுதானாம். லங்காவியில் ஒரு வாரம் முழுக்கப் பார்த்ததை அரை மணி நேரத்தில் அங்கே பார்த்துவிட்டேன். பத்து மணிக்கு அறைக்கு வந்து மீன் குழம்பு வைத்தேன்.

கரை வழிக்குக் குறை இல்லாமல் இல்லை. எல்லாரும் போகும் பாறைகளுக்கே போகிறோம். எலிஃபன்ட் கடற்கரையில் கூட்டம் அம்மும். மிதித்து உடைந்த பவளக் கொம்புகள் கரையில் கிடக்கின்றன. ஆள் போகாத பாறைக்குப் போகும் சுகம் படகுக்காரர்களுக்குத்தான். அந்தமானில் படகு வைத்திருந்தாலும் நினைத்த தீவுக்குப் போய்விட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பழங்குடிகளுக்கென ஒதுக்கிய பகுதிகளுக்குத் தடை, பயணத் திட்டத்துக்கு முன்கூட்டியே அனுமதி. லட்சத்தீவுக்கு நமக்கே நுழைவு அனுமதி வேண்டும்.

பக்கத்திலேயே மன்னார் வளைகுடா இருக்கிறதே என்பார்கள். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள், 1986-லிருந்து கடல் தேசியப் பூங்கா. குந்துகாலிலிருந்து வனத்துறைப் படகில் குருசடைத் தீவுக்குப் போய் வரலாம். குடியிருக்கவோ இஷ்டத்துக்கு நங்கூரம் போடவோ இடமில்லை, இருக்கவும் கூடாது. அங்கே பவளக்கல்லை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்கு அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. மிச்சம் இருப்பதாவது மூச்சு விடட்டும். ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், காரைக்குடியிலிருந்து காலையில் கிளம்பினால் ராத்திரிக்குள் வீடு.

என் தராசைக் கடைசியாகச் சாய்த்தது வேறொன்று. கடல்நீர் வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு டிகிரி கூடி சில வாரம் நின்றாலே பவளம் தன்னுள் இருக்கும் பாசியை வெளியே தள்ளி வெளுத்துவிடுகிறது. சூடு தணிந்தால் பிழைக்கும், நீடித்தால் செத்துவிடும். 1998, 2010, 2016 என்று நடந்தது. 2023-இல் தொடங்கியதை நான்காவது உலகளாவிய வெளுப்பு என்று 2024 ஏப்ரலில் அறிவித்தார்கள். ஷஹீத் தீவிலேயே ஒரு மூலையில் மான்கொம்புப் பவளம் முழுக்கச் சாம்பல் பூத்து நின்றதைப் பார்த்தோம். பக்கத்தில் மூளை போன்ற உருண்டைப் பவளம் மட்டும் உயிரோடு. படகு தேடி, வாங்கி, பழுது பார்த்து, பழகிக் கிளம்ப மூன்று வருஷம் ஆகும் என்கிறார்கள். அந்த மூன்று வருஷத்தைக் கரையேற்றிய படகுக்கு அடியில் உப்புத்தாள் தேய்த்துக் கழிக்க எனக்கு மனமில்லை.

கடல்தான் வேண்டும், காற்றும் கயிறும் ராத்திரிக் காவலும் வேண்டும் என்பவர்கள் படகு வாங்கட்டும். ஆனால் ஒரு பருவமாவது வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு வாங்கட்டும். எடுக்கும்போது படகை ஒப்படைக்கிற அன்றே கீறல், கறை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கொடுத்த நிறுவனம் பழைய கீறல் ஒன்றைக் காட்டி முன்பணத்தில் கைவைத்தது. இவர் சண்டை போடவில்லை, நங்கூரம் நகர்ந்த குற்ற உணர்ச்சி.

எங்கள் வீட்டுத் தீர்ப்பு இது. 40 லட்சம் வைப்புநிதியில் அப்படியே இருக்கும். வட்டியில் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் அந்தமானில் நாலு வாரம். போன தடவைக் கணக்குப்படி இருவருக்கும் ஒன்றரை லட்சத்துக்குள் வரும். மாற்று வருஷத்தில் மீதியைச் சேர்த்து, பினாங்கு அண்ணன் குடும்பத்தோடு பாதிப் பங்கில் படகோட்டியுள்ள வாடகைப் படகு, ஒரு வாரம், லிப்பே பக்கம். தை கடந்து, பாதயாத்திரை முடிந்து, மாசியில் கிளம்புகிறோம். 1926-இல் ஓடத் தொடங்கிய ராஜுலா கப்பலில் என் ஐயா எத்தனையோ தடவை பினாங்கு போய் வந்தார், மூன்று வருஷக் கணக்கு முடிந்தால் ஊர், மறுபடி கப்பல். கப்பலை வாங்கவேண்டும் என்று அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

இதை எழுதும்போது ஊஞ்சலில் ஒருவர் இன்னும் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கிறார். இந்தத் தடவை சங்கிலி 40 மீட்டர் விடுவதாகச் சொல்கிறார்.